பேசாமல் ஏறச் சொன்னார்கள்

எங்களுடையது மலையேறிகள் சங்கம். ஏறுவதற்கு மலைதான் கிடையாது.

மலாக்கா டவுனில் இருந்தவை இரண்டு மேடுகள். ஒன்று, கூரை போன தேவாலயம் நிற்கும் குன்று. மற்றொன்று, சீனர்களின் சமாதிகள் நிறைந்த புக்கிட் சீனா. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் புக்கிட் சீனாவில் ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். கால் பழகட்டும் என்று முதுகுப் பையில் செங்கல் வைத்துக்கொண்டு ஏறுவதும் உண்டு. மழை விட்ட நாட்களில் உச்சியில் நின்று பார்த்தால் தூரத்தில் குனோங் லேடாங் நீலமாகத் தெரியும். அதுதான் எங்கள் மலை. அதில் கால் வைக்க முடியாது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டைச் சுற்றிப் பட்டாளம். ஒரு சோற்றுப் பொட்டலத்தோடு காட்டோரமாக நடந்தாலே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊரார் எங்களுக்குச் 'சமாதிச் சங்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மலை ஏற முடியாத மலையேறிகள் என்ன செய்வார்கள்? சண்டை போடுவார்கள். நாங்கள் போட்டோம், வருஷக்கணக்கில் போட்டோம். கித்தா, அதாவது ரப்பர் விலை, ஈய விலை, அரிசி இறக்குமதி, யாருக்கு ஓட்டு, யாருக்குக் குடியுரிமை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

சங்கத்தில் வருவோர் போவோர் பலர். நிலையாக இருந்தவர்கள் நால்வர். தலைவர் தமிழர், அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. சட்டைக் கையை மடித்துவிடாமல் மலையேறுகிற மனிதர். அடுத்தவர் சைக்கிள் கடை முதலாளி, தவுக்கே என்போம். சீனர். உலகத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அதை டயர் விலையில் கொண்டுவந்து முடிப்பார். மூன்றாமவர் ஆற்று முகத்தில் சரக்குப் பார்க்கும் வேலையில் இருந்தவர். காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துக்காரர்; கம்பம் என்றால் இங்கே ஊர். மலாக்கா செட்டிகள் எங்களைப் போலத் தோட்டத்துக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் அல்லர். சுல்தான்கள் காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே வேர் விட்டவர்கள். அவர் விபூதி பூசுவார், மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் நின்று பந்தல் போடுவார். பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் எட்டிப் பார்க்கும். நான் அவரை அபாங் என்பேன். மலாயில் அண்ணன் என்று பொருள். அவருக்கு நான் அடேக், தங்கை.

நாலாவது ஆள் நான். ஆற்றோரத்துக் கித்தா கிடங்கில் டைப் அடிக்கிற வேலை. கல்யாணம் ஆகாத பெண் பிள்ளை ஆம்பிளைகளோடு சமாதிமேட்டில் ஏறி இறங்குகிறாளே என்று பேசாத வாய் காஜா பெராங்கில் இல்லை. பேசட்டும். அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்று மூச்சுத் திணறுவதற்குப் புக்கிட் சீனாவில் மூச்சு வாங்குவது மேல்.

தவுக்கேயின் கடைப் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கூடுவது, தண்ணீர் யார் கொண்டுவருவது என்று எழுதுவதற்காகத் தலைவர் வாங்கி மாட்டியது. யார் எப்போது அதில் வம்பை ஆரம்பித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. நானாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் அதற்கென்று ஒரு சட்டமே உண்டாகிவிட்டது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கக்கூடாது. பிடிக்கவில்லையா, கீழே பதில் எழுது. சனிக்கிழமை சாயங்காலம் தவுக்கே ஈரத்துணியால் மொத்தத்தையும் துடைப்பார். திங்கட்கிழமை புதுச் சண்டை.

"கித்தா ஷீட்டாகக் கப்பல் ஏறுகிறது, பூட்ஸ் சப்பாத்து அடியாகத் திரும்பி வருகிறது. நடுவில் கொழுத்தது யார்?" இது நான், தமிழிலும் மலாயிலும். "இங்கே செய்தால் விலை கூடும். கூடுதல் காசை நீ கொடுப்பாயா?" இது தவுக்கே, கோணல்மாணலான மலாயில். "முதலில் ஆற்று முகத்து மண்ணைத் தோண்டுங்கள். கப்பலெல்லாம் சிங்கப்பூருக்குப் போகிறது. கப்பலே வராத ஊரில் எதைச் செய்து எங்கே விற்பீர்கள்?" இது அபாங். இவற்றுக்கு நடுவில், அச்சடித்தாற்போன்ற எழுத்தில், "உறுப்பினர்கள் ஏற்றம் பற்றி மட்டும் எழுதவும்" என்று தலைவர். அதற்குக் கீழே யாரோ, "விலை ஏற்றமா ஐயா?" என்று எழுதியிருந்தார்கள். அது நானில்லை. சத்தியமாக நானில்லை.

கிளேபாங்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் சைக்கிளில் வந்து பலகை பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. வாழ்க்கையில் ஒரு மாடிப்படியைக்கூட ஆசையாக ஏறியிருக்காதவர்கள் எல்லாம் எழுதினார்கள். அவர்கள்தான் அதிகம் எழுதினார்கள்.

ஒருநாள் ஒரு முகம் தெரியாத ஆசாமி எழுதியிருந்தான்: "வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகிறான். நல்லதுதானே? நம்மவர்கள் வாங்குகிறார்கள். சுதந்திரம் என்றால் அதுதான்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஜாசின் பக்கத்தில் என் அப்பா பால் வெட்டிய தோட்டத்தை அப்படித்தான் வாங்கினார்கள். வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பிறகு பெயர் வந்தது. சின்னத் துண்டுக்காரனுக்குத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் கூலியாட்கள் எதற்கு? தன் வீட்டு ஆட்களை வைத்து மரம் சீவிக்கொள்வான். அப்பாவுக்கு வேலை போயிற்று, லயத்து வீடு போயிற்று. காஜா பெராங்கில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். காடழித்து நட்டவர்களின் மகன், பலகை அறுக்கும் ஆலையில் காவலுக்கு உட்கார்ந்தார்.

"தோட்டத்தைத் துண்டு போட்டீர்கள். அதில் பால் வெட்டியவன் எந்தத் துண்டில் நிற்பது?" என்று எழுதினேன். சுண்ணக்கட்டி உடைந்தது, உடைந்த துண்டால் மிச்சத்தை எழுதினேன். அந்த வாரம் சனிக்கிழமை தவுக்கே பலகையைத் துடைக்கவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னார்.

இதற்கிடையில் சுதந்திரம் வந்தது. பாடாங் திடலில் கூட்டத்தோடு நின்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தலாம், அதற்குக் காகிதம் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கேட்டார்கள்.

என் தம்பிகள் இருவரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்குச் சிக்கல் இல்லை. நான்தான் மூத்தவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு மாற்ற முடியாத சட்டம். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சட்டம் சட்டம்தான். வயிற்றில் என்னோடு அம்மா கப்பலேறிப் போனாள், கையில் என்னோடு திரும்பி வந்தாள். அந்தத் தாய்வீட்டுப் பயணத்தால் நான் இந்தியாவில் பிறந்தவள், வெளிநாட்டுக்காரி. நடக்கப் பழகியது, பள்ளிக்குப் போனது, கித்தா பால் கறையோடு வளர்ந்தது எல்லாம் இங்கே. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்த விண்ணப்பங்கள் எங்கள் தலைவர் வேலை பார்த்த அலுவலகத்துக்குத்தான் போயின.

அப்படிப்பட்ட நாட்களில்தான் லேடாங் பக்கம் கொஞ்சம் தளர்த்தினார்கள். போலீஸ் அனுமதி வாங்கினால் போகலாம் என்றார்கள். அன்று அபாங் சைக்கிள் கடை வாசலில் நின்று கைதட்டி ஆடினார். பொறுப்பான வயதுக்காரர், பேரன் எடுத்தவர், ஆடினார். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த மலை அது. கும்பிட்டுக் கும்பிட்டுக் கதவு திறக்காத கோயில் மாதிரி அவருக்கு.

தலைவர் மனு எழுதி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"பலகையில என்னென்ன எழுதியிருக்குன்னு அங்க எல்லாம் தெரிஞ்சிருக்கு. பர்மிட் தருவாங்க. ஆனா அரசியல், வியாபாரம், கூலி, தோட்டம், குடியுரிமை, இது ஒண்ணும் வழியில பேச மாட்டோம், பலகையிலயும் எழுத மாட்டோம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். ஒருத்தர் போடலைன்னாலும் யாருக்கும் கிடையாது."

"மூச்சு விடலாமா ஐயா? அதையும் கேட்டுட்டு வந்தீங்களா?" என்றேன்.

தவுக்கே சிரித்தபடி பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டார். "நீயும் போடு லா," என்றார் மலாயில். "மேலே போய் வேண்டிய மட்டும் பேசு. யார் கேக்கப் போறான்? குரங்கா?"

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மரத்துக்குப் பின்னால் நின்று பேசுவதா? திருடுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. என் சொந்த வாயை நானே ஏன் திருட்டுத்தனமாகத் திறக்க வேண்டும்?

அபாங்கும் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, "தோலோங் லா, அடேக்," என்றார். தயவுசெய்து என்று அர்த்தம். அந்த மனிதர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் பேனாவைத் தொடவில்லை. தலைவர் என்னைக் கடைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, உன் விண்ணப்பம் எங்க கிடக்குன்னு உனக்குத் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் போலீஸ்ல விசாரிச்சு எழுதுவாங்க. அவங்க எழுதறத நான் மறைக்க முடியாது. கொஞ்ச நாள் வாயைக் கட்டு. காகிதம் கையில வந்தப்புறம் என்ன வேணும்னாலும் பேசு. ஆழம் தெரியாம காலை விடாத."

மிரட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் எனக்காகப் பயந்தார். எனக்கு அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. நல்லவர்களின் பயத்தை எதிர்த்து நிற்பதுபோல் கஷ்டமான வேலை வேறு இல்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா, "மலையேறலைன்னா ஒருத்தியும் செத்துப்போக மாட்டா," என்று முடித்துக்கொண்டாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாம இருக்கிறது இரவல் வீடும்மா. இரவல் வீட்டுல சத்தம் போடக்கூடாது."

"யார் வீடுப்பா இது? காட்டை அழிச்சு கித்தா கன்னு நட்டது யாரு? தாத்தாதானே?"

"நட்டவனுக்கு மரம் சொந்தமா?" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன் என்பதுபோலச் சொன்னார். என்னிடம் பதில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் கிடங்கில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனேன். புடவையைச் சரிசெய்துகொண்டு, குடையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார், சமையலறைக்குள் புகுந்துவிட்ட கோழியைப் பார்ப்பதுபோல.

மலாயில் சொன்னேன். "துவான், அந்தக் கையெழுத்துப் போடாதது நான்தான். நாங்க நாலு பேரும் சேர்ந்தா பேசுவோம். பேசறதுக்குத்தான் சேர்றோம். அதுல தப்பு இருக்கும்னு நீங்க நினைச்சா, கூட வந்து கேக்கறதுக்கு ஓர் ஆளை அனுப்புங்க. வாயைக் கட்டிக்கிட்டு மட்டும் ஏற மாட்டோம்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு துவான்."

"அப்புறம் ஏன் வந்தே?"

"பயத்தோட இருக்கறது எனக்குப் பழக்கம். பேசாம இருக்கறதுதான் பழக்கமில்ல."

அவர் சிரிக்கவில்லை. என் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுதினார். பிறகு, "எப்படியும் துணைக்கு ஒரு ஆள் அனுப்பத்தான் வேணும். அவன் காதுல விழறதெல்லாம் எனக்கு வந்து சேரும்," என்றார். அவ்வளவுதான். கையெழுத்தில்லாமல் அனுமதி வந்தது. செய்தியைக் கேட்டுத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அபாங் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அந்த இரண்டும் ஒரே சங்கத்தில் இருந்தால் இப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவுக்கேயின் மச்சான் லோரியில் அசாகான் வரை போய் இறங்கினோம். கையில் ரொட்டியும் மத்தி டின்களும். காட்டுக்காரர்களுக்குச் சாமான் போய்விடக்கூடாது என்று அந்தக் காலத்தில் டின்களை விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். எங்கள் கடைக்காரருக்குக் கை பழகிப்போய், வேண்டியதற்கும் வேண்டாததற்கும் ஓட்டை போட்டுவிட்டார். தவுக்கேயின் பை முழுவதும் மத்தி எண்ணெய். அவர் போன வழியை எறும்புகள் கேட்டுக்கொண்டு வந்திருக்கும். துணைக்கு வந்த மாத்தா, அதாவது போலீஸ்காரர், மெர்லிமாவ் பக்கத்து மலாய்க்காரப் பையன். மீசை சரியாக முளைக்கவில்லை, துப்பாக்கி மட்டும் பெரியது.

ஏறத் தொடங்கினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்பதற்கென்றே ஒரு ஆள் பின்னால் வந்தால் என்ன பேசுவது? பேசியே தீருவேன் என்று காவல் நிலையம் வரை போய் வந்தவளுக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரிப் போனோம். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அப்போது தலைவர் வழுக்கினார். விழவில்லை, வேரைப் பிடித்துக்கொண்டார். காலைத் தூக்கிப் பார்த்தால் சப்பாத்தின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

என்னால் முடியவில்லை. "லண்டன் சப்பாத்தா ஐயா?" என்று கேட்டேன்.

"இங்க செஞ்சதா இருந்தா லோரியில ஏறும்போதே பிஞ்சிருக்கும்!" என்று பட்டென்று சொன்னார் தலைவர். பேசக்கூடாது என்று ஊரையே கையெழுத்துப் போடச் சொன்ன மனிதர்!

அணை உடைந்தது. தவுக்கே டயரைப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போட்டால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நடந்து போக வேண்டும் என்றார். வரியே போடாவிட்டால் அந்தப் பிள்ளை படித்துவிட்டு எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என்றேன் நான். நம் கித்தாவும் ஈயமும் சம்பாதிக்கும் டாலரெல்லாம் லண்டன் பெட்டியில் போய் உட்காருகிறதே, சுதந்திரம் வாங்கிய நாடு தன் பணப்பையை இன்னொருவன் இடுப்பில் கட்டியிருக்கலாமா என்று அபாங் கையை வீசினார். தலைவர் உடைந்த சப்பாத்தைக் கொடியால் கட்டிக்கொண்டு, கூட்டுக் குடும்பத்திலிருந்து அவசரப்பட்டுப் பிரிகிறவன் பாத்திரம் பண்டம் இல்லாமல் நிற்பான் என்றார். பின்னால் வந்த மாத்தா இருமினார். பிறகு மெல்ல, "எங்க அப்பாவுக்குக் கொஞ்சம் கித்தா மரம் இருக்கு. டவுன்ல சொல்ற விலையை எங்க கம்பத்து வியாபாரி ஒருநாளும் தர்றதில்ல. அது ஏன்?" என்று கேட்டார். நாலு பேரும் ஒரே சமயத்தில் நாலு பதில் சொன்னோம். அவர் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. துப்பாக்கியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு எங்களோடு சண்டைக்கே வந்துவிட்டார். என் ஆயுளில் அவ்வளவு அருமையாக நாங்கள் விவாதித்ததில்லை. வார்த்தைகள் தாராளமாக வந்தன, ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கினார், இடையில் நிற்கவே இல்லை.

மாத்தாதான் முதலில் நின்றார். "ஒரு விஷயம்," என்றார். "ஏன் யாருக்குமே மூச்சு வாங்கல?"

பார்த்தால், இறங்கிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரமாக என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஓடையோரம் வழி பிரிந்த இடத்தில் ஏறுகிற பக்கத்தை விட்டுவிட்டு, காலுக்குச் சுகமான பக்கத்தில் திரும்பியிருக்கிறோம். இத்தனை வருஷம் மலைக்காகக் காத்திருந்தவர்கள், பேச்சு சுவாரஸ்யத்தில் மலையை விட்டே இறங்கி, அடிவாரத்துக் கித்தா தோட்டம் ஒன்றின் எல்லையில் வந்து நின்றோம். மரங்களில் சிவப்புச் சாயம் அடித்திருந்தது, வரிசைக்கு நடுவே புதிதாக அளவுக்கல் நட்டிருந்தது. இங்கேயும் துண்டு போட்டுவிட்டார்கள்.

"பாத்தீங்களா?" என்று கல்லைக் காட்டினேன். சும்மா இருந்திருக்கலாம்.

அபாங் திரும்பினார். முகம் கறுத்துப்போயிருந்தது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அவருடைய மலை அவருக்குப் பின்னால் எட்டாமல் நின்றது.

"உன்னால்தான்," என்றார் மலாயில். "எப்ப பாத்தாலும் தோட்டம், துண்டு, கூலி. உனக்கு என்ன இங்க? நாங்க தலைமுறை தலைமுறையா இந்த ஊர் ஆளுங்க. நீ காகிதத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கிறவ. இது உன் நாடே இல்ல. இந்த நாட்டைப் பத்திப் பேச நீ யார்?"

நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன், யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று. தலைவர் தன் சப்பாத்துக் கட்டைக் குனிந்து சரிசெய்தார். மாத்தா தரையைப் பார்த்தார். தவுக்கேயும் சீனாவில் பிறந்துவிட்டு, என்னைப் போலவே காகிதத்துக்குக் காத்திருந்தவர். அவர்கூட வாய் திறக்காமல் பையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அபாங் சொன்னதைவிட அதுதான் வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது.

முதலில் தமிழில்தான் வந்தது, வாயில் வந்ததெல்லாம் வந்தது. தலைவருக்கு மட்டும் புரிந்து, அவர் காது சிவந்தது. பிறகு மலாயில் நிதானமாகக் கேட்டேன்.

"அபாங், உங்க முன்னோர் கப்பலை விட்டு இறங்கின அன்னிக்கு எந்த ஆபீஸ்ல போய்க் காகிதம் வாங்கினார்?"

அவர் அளவுக்கல்லைக் காலால் தட்டினார்.

"அவர் இறங்கின அன்னிக்கே சந்தையில நின்னு பேரம் பேசியிருப்பார். வாய் இருந்ததால பேசினார், பேசினதால தங்கினார். காகிதம் வந்தாத்தான் பேசணும்னா நீங்க இன்னிக்கு இங்க நிக்க மாட்டீங்க. வழி தவறினது நாம அஞ்சு பேரும். அதை என் தலையில மட்டும் கட்டாதீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி ஏறத் தொடங்கினேன். அழுகை வந்தது. ஏறும்போது அழுவது முட்டாள்தனம், மூச்சு போதாது. ஓடைப் பிரிவு வரை வந்து சரியான பக்கம் திரும்பினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். பாறை வந்தது, கையால் பிடித்து ஏறினேன். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஏறினேன். அதைப் பார்த்து எந்த ஊர் என்ன சொன்னாலும் சரி.

உச்சியில் மேகம்தான் இருந்தது. கடலும் தெரியவில்லை, மலாக்காவும் தெரியவில்லை. கைதட்டவோ ஆடவோ யாருக்கும் தெம்பில்லை. அபாங் கடைசியாக வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மத்தி எண்ணெய் ஊறிய ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தார்.

"யார்கிட்டயும் வாங்கல," என்றார், என்னைப் பார்க்காமல். "காகிதம்."

நான் ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.

"ஆனா ஆத்து முகத்தைத் தோண்டித்தான் ஆகணும்," என்றார்.

"தோண்டின மண்ணை எங்க கொட்டுவீங்க?" என்று கேட்டேன். இறங்கும் வழியெல்லாம் அந்தச் சண்டைதான். இந்த முறை பிரிவு வரும்போதெல்லாம் மாத்தா முன்னால் போய் நின்று வழி காட்டினார்.

மாத்தா நிலையத்துக்குப் போய் என்ன சொன்னாரோ தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான்: எனக்குப் பின்னால் விண்ணப்பம் போட்டவர்களுக்கெல்லாம் காகிதம் வந்தது, தவுக்கேக்கு வந்தது, காஜா பெராங்கில் தெருத் தெருவாக வந்தது. எனக்கு வரவில்லை. போய்க் கேட்டால், விசாரணையில் இருக்கிறது என்றார்கள். ஒரு வருஷம் போய் இன்னொரு வருஷமும் போயிற்று. அம்மா, "உன் வாய்தான் உனக்குச் சனி," என்றாள். இருக்கலாம். ஒவ்வொரு தடவை அந்த அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பும்போதும் நேரே சைக்கிள் கடைக்குப் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தேன். துண்டாடல் பற்றி எழுதினேன், சப்பாத்து பற்றி எழுதினேன், அரிசி பற்றி எழுதினேன். முன்பு வாரத்துக்கு ஒரு தடவை எழுதியவள் தினமும் எழுதினேன். தண்டனையை வாங்கியாயிற்று, குற்றத்தையாவது முழுசாகச் செய்துவிடுவோம் என்ற எண்ணம்தான்.

கடைசியில் கூப்பிட்டார்கள். ஒரு கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து, கையை உயர்த்தச் சொல்லி, உறுதிமொழியை ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்பச் சொல்லவைத்தார்கள். சத்தமாகவே சொன்னேன். சான்றிதழ்களைக் கொடுக்கிற மேசையில் எங்கள் தலைவர் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் சட்டைக் கை மணிக்கட்டுவரை. என் முறை வந்ததும் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. என்னைவிட அவர்தான் அந்தக் காகிதத்துக்காக அதிகம் பயந்தவர்.

"வாங்கிக்கம்மா," என்றார். "இனிமே நீ தாராளமாப் பேசலாம்."

"இத்தனை நாளா நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன் ஐயா?" என்று கேட்டேன்.